வெட்டுப்பட்ட இரண்டாம் சரணம்

உன் மகள் நேற்றுக் காலை வந்தாள். தெருமுனையிலேயே காரை நிறுத்திவிட்டு, "மைக் செட் மாமா வீடு எதுங்க?" என்று கேட்டுக்கொண்டே நடந்து வந்திருக்கிறாள். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே நான் உனக்கு எழுதிய தபால் கார்டுகள். நீ போன பிறகு அலமாரியை ஒழித்தபோது கிடைத்ததாம். "அப்பா ஒண்ணுகூட விடாம வச்சிருந்தாங்க மாமா, நம்பர் போட்டு" என்று சொன்னாள். காபி கொடுத்து, நாலு வார்த்தை நல்லதாகப் பேசி அனுப்பிவைத்தேன்.

அவள் போனதும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கார்டின் மூலையிலும் சிவப்பு மையில் உன் எண். கடைசியாக இருப்பது தை பிறப்பதற்கு முன் நான் எழுதியது. அதற்குப் பிறகு இன்னும் ஒன்று எழுதினேன், உனக்கும் தெரியும். அது மட்டும் டப்பாவில் இல்லை. ஒன்றுகூட விடாமல் வைத்திருந்தாராம். உன் மகளிடம் நான் என்னத்தைச் சொல்ல?

மற்றவற்றையெல்லாம் ஒரே மூச்சில் படித்தேன். கோபத்தோடு உட்கார்ந்தவன் இரண்டு இடத்தில் சிரித்தும்விட்டேன், அதை ஒப்புக்கொள்கிறேன். என்ன சண்டை போட்டிருக்கிறோம்! நீ ஒரு இசையமைப்பாளர் கட்சி, நான் இன்னொருவர் கட்சி. உன் ஆள் வயலின் கூட்டத்தை வைத்துக்கொண்டு பாட்டை மூழ்கடிக்கிறார் என்று நான் எழுதினால், உன் ஆளுக்குத் தபேலாவைத் தவிர வேறு எதுவும் தெரியாதா என்று நீ திருப்பி எழுதுவாய். ஒரு கார்டு முழுக்க ஒரே ஒரு ஹம்மிங்கைப் பற்றி எழுதியிருக்கிறேன். "பாடகி மூச்சு விடுற சத்தம் கேட்குதுடா, இசைத்தட்டைத் தேய விடாம மூணு தடவைக்கு மேல போடாதே" என்று எச்சரிக்கை வேறு.

அந்த 'டா'வைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கார்டில்தான் அது எனக்கு வாய்த்தது. குடவாசல் உயர்நிலைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தான் நாம். ஆனால் ஊருக்குள் உன் அப்பா காதில் விழும் தூரத்தில் நீ எனக்கு 'சின்னவர்'; "வாங்க", "சரிங்க" தவிர வேறு பேச்சு கிடையாது. என் அம்மாவும் அண்ணனும் உங்கள் வயலில் நட்டு, உங்கள் களத்தில் அடித்து, கூலி நெல்லை முந்தானையில் வாங்கி வந்தவர்கள். படிப்பு முடிந்ததும் நீ கும்பகோணம் கல்லூரிக்குப் போனாய். நான் குடவாசலில் சவுண்ட் சர்வீஸ் கடையில் சேர்ந்து, கல்யாண வீடுகளில் தென்னை மரத்தில் ஏறிக் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டேன். புதுப்பட இசைத்தட்டு எதுவும் முதலில் என் கைக்குத்தான் வரும். விடுதி முகவரிக்கு நான் கார்டு போடுவேன். அங்கே உன் அப்பா இல்லை. அந்த ஒரு சாண் அட்டையில் நாம் இரண்டு பேரும் சமம் என்று நான் நம்பியிருந்தேன்.

அந்த வருஷம் சம்பா அறுவடைக்குச் சங்கம் கூலி கூட்டிக் கேட்டது. ஆட்சி மாறிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மாறியதை உங்கள் தெருவும் கொண்டாடியது, எங்கள் தெருவும் கொண்டாடியது. நான்தான் இரண்டு தெருவுக்கும் ஒரே இசைத்தட்டைப் போட்டேன். அறுப்புச் சண்டை என்று வந்தால் போலீஸ் வேன் எந்தத் தெருவில் நிற்கும் என்பது மட்டும் மாறவில்லை. உன் அப்பா வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் மறித்ததில் கைகலப்பு. எங்கள் பக்கம் முன்னால் நின்றது என் அண்ணன். வழக்கில் முதல் பெயர் அவருடையது.

அண்ணனைக் குத்தாலத்தில் அண்ணியின் சித்தப்பா வீட்டில் வைத்தோம். அவர் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர், மூன்று பிள்ளைக்காரர். வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தும் சொல்லாதவர். துணைக்கு நானும் போனேன். வெளியே தலை காட்டாதே என்று அண்ணன் என்னிடம் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்.

ஆனால் குத்தாலம் டென்ட் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் படம். பொங்கலுக்கு முன்னால் உன் அக்காவைப் பார்க்கக் குத்தாலம் போனபோது அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, கடையில் என்னோடு நீ மல்லுக்கு நின்றது நினைவிருக்கிறதா? இரண்டாம் சரணமே படத்தில் இல்லை, ஷெனாய் தொடங்கும்போதே பாட்டை வெட்டிவிட்டார்கள் என்றாய். நான் குடவாசலில் முழுப்பாட்டையும் பார்த்தவன். நீ தூங்கியிருப்பாய் என்று கேலி செய்தேன். இசைத்தட்டில் அந்த ஷெனாய்க்காகத்தான் நான் உயிரை விட்டுக்கொண்டிருந்தேன். கும்பகோணத்திலும் முழுசாகத்தான் ஓடுகிறது, வெட்டு இருந்தால் அந்த ஒரு கொட்டகையில்தான் இருக்கும் என்று நாம் சொல்லி முடித்தோம். பந்தயம் அப்படியே நின்றது.

அண்ணன் தலைக்கு மேல் வழக்கு தொங்குகிறது. எனக்கு ஷெனாய் கவலை. போனேன். முதல் ஆட்டம், மணல் தரை, தலையில் துண்டு. பாட்டு வந்தது, பல்லவி, முதல் சரணம், ஷெனாய் ஒரு இழுப்பு இழுத்தது, டப்பென்று கதாநாயகி வேறு புடவையில் கிணற்றடியில் நின்றாள். நீ சொன்னது சரி. நான் தோற்றேன். தோற்றதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாள் கார்டு எழுதினேன். நான் என்னவோ பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு. ஊர் பெயர் எழுதவில்லை, தேதி போடவில்லை. முத்திரையில் குத்தாலம் விழக்கூடாது என்று, கும்பகோணத்துக்கு அரிசி ஏற்றிப்போன லாரிக்காரரிடம் கொடுத்து அங்கே பெட்டியில் போடச் சொன்னேன். எழுதியது இவ்வளவுதான்: நீ சொன்னது சரிடா, ஷெனாய் வரும் இடத்தில் கத்திரி போட்டுவிட்டான், பந்தயத்தில் நீ ஜெயித்தாய், இனி உன் ஆளைத் திட்ட மாட்டேன். நாம் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் யார் படித்தாலும் அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை விடிந்து சற்று நேரத்தில் போலீஸ் வந்தது. அண்ணனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். சித்தப்பாவுக்கும் அடி. பின்கட்டில் நின்ற என்னை அந்த அதிகாரி ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் அந்தப் பாட்டுக்காரனா? ஷெனாய் வர்ற எடத்துல வெட்டிட்டானாமே?"

என்னைப் பிடிக்கக்கூட இல்லை. கன்னத்தில் ஒன்று விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்த அடி எனக்கு வலிக்கவில்லை. என் வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே, அதில்தான் எனக்குக் காது அடைத்துப்போனது. அண்ணன் வேனிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். ஷெனாய் என்று அவர் காதிலும் விழுந்தது. அவருக்கு அது புரியவில்லை.

ஸ்டேஷனில் அவர் வலது கைவிரல்களை லத்தியால் சிதைத்தார்கள். வெளியே வந்த பிறகு அவரால் அரிவாள் பிடிக்க முடியவில்லை, நாற்று பிரிக்க முடியவில்லை. ஆடு மேய்த்தார். அதைவிடக் கொடுமை ஒன்று உனக்குத் தெரியாது. காட்டிக் கொடுத்தது குத்தாலத்துச் சித்தப்பாதான் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். உங்கள் ஆட்கள் யாரோ மில்லுக்கு வந்து அவரிடம் பேசினார்கள் என்று ஒரு வதந்தி. அதோடு அந்த வீட்டு உறவு அறுந்தது. அண்ணி தன் சித்தப்பா வீட்டு நல்லது கெட்டது எதற்கும் போகவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. உன் பெயரைச் சொன்னால், கார்டு எழுதியது யார் என்ற கேள்வி வரும். உன்னைக் காப்பாற்றவில்லை, என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். நீ செய்த துரோகத்துக்குக் காவல் நிற்கும்படி என்னை ஆக்கிவிட்டாய்.

ஏழெட்டு வருஷம் கழித்துக் கும்பகோணம் பஸ் நிலையத்தில் உன்னைப் பார்த்தேன். அதற்குள் உனக்குப் பேங்க் வேலை, தொப்பை, கைக்கடிகாரம். ஓடி வந்து தோளைத் தொட்டு, புதிதாக வந்திருந்த ஒரு படத்தின் பாட்டுகளைக் கேட்டாயா என்றாய். கேட்ட மாத்திரத்தில் என் வாய் பதில் சொல்லிவிட்டது: மூணாவது பாட்டுதான் உசத்தி, அதில் வரும் புல்லாங்குழலுக்கே படம் ஓடும். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. அந்த நிமிஷம் என்மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்க மாட்டாயா என்றேன். நீ சுற்றும் முற்றும் பார்த்தாய்.

"ஊருக்கு வந்தப்ப என் சட்டைப் பையில அப்பா கார்டப் பாத்துட்டார்டா."

"படிச்சது அவரு. புரிஞ்சது யாருக்கு?"

நீ கடிகாரத்தைத் திருகிக்கொண்டு நின்றாய். பிறகு, மழையில் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துக்கொண்டிருந்தது என்றாய். இரண்டு நாள் வைத்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்ததாகச் சொன்னாய். நீ பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நெல்லையும் என்னையும் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறாய், நெல் கனத்திருக்கிறது. உன் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாய்.

இப்போது உங்கள் வயலில் மூன்று மா நிலம் என் பெயரில் இருக்கிறது. உன் அப்பாவுக்குப் பிறகு நீங்கள் விற்றபோது என் மகன் வாங்கினான், அவன் வாத்தியார். அண்ணன் அந்த வரப்பில் உட்கார்ந்து ஆடு பார்த்துக்கொண்டே காலம் தள்ளினார். அவர் செத்தபோது குத்தாலத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. காரியம் முடிந்த கையோடு நான் அங்கே போனேன். சித்தப்பாவுக்குக் கண் தெரியவில்லை. காலடியில் உட்கார்ந்து கார்டு, கொட்டகை, நீ, நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒங்க அண்ணன் இருக்கறப்ப சொல்லியிருக்கணும் தம்பி. இப்ப நான் நல்லவன்னு யாருகிட்டப் போய்க் காட்டுவேன்?"

திரும்பி வரும்போது உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதவில்லை. இப்போது நீயும் இல்லை.

கணக்குப்படி எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். உன்னை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை, அதில் எனக்குக் குழப்பமே கிடையாது. ஆனால் போன வாரம் பேத்தி ஒரு புதுப் பாட்டைப் போட்டுக் காட்டினாள். யாரோ சின்னப் பையன் இசையாம். பல்லவி முடிந்து ஒரு கணம் எல்லா வாத்தியமும் நின்று, ஒற்றைத் தந்தி மட்டும் மெதுவாக எழுந்து வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பேத்தி முகத்தைப் பார்க்கவில்லை, என் மனைவியைக் கூப்பிடவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய வாக்கியம்தான் முதலில் மனதில் ஓடியது, 'டா'வோடு. ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு நல்ல பாட்டுக்கும் எனக்கு இதுதான் நடக்கிறது. அண்ணன் கையை எடுத்துக்கொண்டாய், சரி. என் காதையாவது எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.