புதன்கிழமைக் காலர்கள்

மார்ச் 4, புதன்
இன்றும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளைப் பார்ப்பது புதன் காலை மட்டும். எங்கள் தையல் ஆலைக்குப் புதன் என்ன, வெள்ளி என்ன? லைனில் இருபத்தாறு பெண்கள். நான் காலர் தைத்துக் கொடுத்தால்தான் அடுத்தவள் சட்டையில் பொருத்துவாள், பிறகுதான் கை, பிறகுதான் பொத்தான். நான் எழுந்து போனால் எல்லோரும் கன்னத்தில் கை வைத்து உட்கார வேண்டியதுதான். சூப்பர்வைசர் (நாங்கள் வைத்த பெயர் 'விசில்') நான் மாசமாக இருக்கிறேன் என்று தெரிந்தால் நூல் வெட்டும் மேசைக்கு மாற்றிவிடுவார். நாள் முழுக்க நின்றே சாக வேண்டும். அதனால் ஐந்து மாதமாக லைனில் மூச்சு விடவில்லை.

மூன்றாம் மாதம் ஒரே ஒரு தடவை போனதோடு சரி. ரத்தம் குறைவு, மாதாமாதம் வா என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னார்.

வீட்டில் மாமியார் கேட்டார்.
"போனியா? என்ன சொன்னாங்க?"
"எல்லாம் நல்லா இருக்காம் அத்தை."
"எடை?"
"அம்பத்தி நாலு."
வாயில் வந்த நம்பர். அதற்கே பூரித்துப்போய் இரண்டு முட்டை கூடுதலாக அவித்து வைத்தார். சீ, எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்
மாடிப்படியில் தலை சுற்றல். எனக்கு ஏதாவது ஆனால் போகிறது — உள்ளே இருக்கிறதுக்கு? பயமா இருக்கு. நாளைக்கும் போகமாட்டேன், அதுவும் தெரியும். என்ன பொம்பளை நான்?

மார்ச் 12, வியாழன்
குட்டு உடைந்தது! யூனிஃபார்ம் இறுக்குகிறதென்று ஞாயிற்றுக்கிழமை பக்கத் தையலைப் பிரித்து இரண்டு விரல் அகலம் துணி வைத்திருந்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மிதப்பு. தையலையே பார்த்துக் கிடக்கும் இருபத்தைந்து பேர் நடுவில்!

சாப்பாட்டு நேரத்தில் சட்டைக் கை தைக்கும் அக்கா என் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். "இது கம்பெனி தையல் இல்லையே. எத்தனை மாசம்டி?"

ஓவென்று அழுதுவிட்டேன். ஆஸ்பத்திரி, ரத்தம், அத்தையிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஏண்டி கள்ளி, லைன் நின்னா திரும்ப ஓடும். புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்று திட்டினாள். பிறகு, "ஒரு காலை வேளைக்கு எத்தனை காலர் வேணும்?"
"இருநூறு."
"ஆளுக்கு எட்டு. இதுக்கா அழுத?"

மார்ச் 17, செவ்வாய்
சாப்பாட்டு இடைவேளைகளில் தைத்தே முடித்துவிட்டார்கள். பொத்தான் வைக்கும் சின்னப்பெண் தைத்த எட்டிலும் ஒரு முனை நீளம், ஒரு முனை குட்டை. அவளுக்குத் தெரியாமல் பிரித்துத் தைத்தேன். அக்காவே விசிலிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் காலர்களை இரண்டு தடவை எண்ணினார். "அரை நாள்தானே, போகட்டும்." நூல் மேசையா? "காலருக்கு நான் வேற யாரத் தேடுறது?" என்றாராம். இதற்குத்தான் இத்தனை நாள் நடுங்கினேனா!

மார்ச் 18, புதன்
போனேன்! நர்ஸம்மாவிடம் வண்டி வண்டியாகத் திட்டு வாங்கினேன். ரத்தம் இன்னும் குறைவு. மாத்திரை, கீரை, அடுத்த மாதம் வந்தே ஆக வேண்டும். பிறகு வயிற்றில் கருவியை வைத்தார். டக டக டக — முழு வேகத்தில் மிஷின் ஓடுகிற மாதிரி. படுத்தபடியே சிரித்தேன், காதுக்குள் கண்ணீர்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். எடை ஐம்பத்தொன்று. கொஞ்ச நேரம் முறைத்தார். "அப்போ அந்த முட்டையெல்லாம் எங்கடி போச்சு?" என்றவர், "அடுத்த தடவை நானும் வரேன். நம்பர நானே பாத்துக்கறேன்" என்றார்.

ஜூன் 10, புதன்
ரத்த அளவு பதினொன்றைத் தாண்டிவிட்டது. நர்ஸம்மாவுக்குச் சிரிக்கவும் தெரியும்.

ஜூலை 17
பெண். மூன்று கிலோ நூறு கிராம். நான் நலம். குரல்தான் — அம்மாடி!

செப்டம்பர் 2, புதன்
பதினொரு மணிக்கு வாசலில் பொத்தான் பெண். வேலை நாளில் இவள் இங்கே எங்கே? மூச்சு வாங்க உள்ளே வந்து பையிலிருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து நீட்டினாள். புத்தம் புதுசு. இரண்டாம் மாதம்.

"வீட்ல என்ன சொன்னாங்க?" என்றேன்.

"இன்னும் சொல்லலக்கா. முதல்ல லைன்லதான் சொன்னேன்."

கட்டிப் பிடித்துக்கொண்டேன். நடுவில் நசுங்கிய என் மகள் தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.