மாரிசாமிக்கு வந்த ஆங்கிலக் கடிதம்

பதுளை,
14.3.1954

அன்புள்ள பாமாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உமக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. இதை இருந்து ஆறுதலாக வாசியும். உறையின் பின்னால் புது விலாசத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். வெள்ளிக்கிழமை முதல் நான் உமது அண்ணரின் குவாட்டர்ஸில் இல்லை. பதுளைக் கடைத்தெருவில் பாறூக் நானாவின் புடவைக்கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறேன். அண்ணரின் கடிதம் இதற்கு முன்பே உங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். என் பக்கத்தையும் நீர் கேட்க வேண்டும்.

எஸ்.எஸ்.சி. வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதன்கிழமைகளில் பள்ளி விட்டபின் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பதாக எழுதியிருந்தேன். பாடப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். அதே சொல்லை மருந்துப் போத்தலில் காட்டினால் விழிப்பார்கள். அதனால் வீட்டில் கிடக்கும் ஆங்கில எழுத்து எதையாவது கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பிஸ்கட் டின் மூடி, பஸ் நேர அட்டவணை என்று கொண்டுவந்தார்கள். விசாலாட்சி மட்டும் எட்டாக மடித்த ஒரு கடிதத்தை நீட்டினாள்.

அவள் தெமோதரையில் அண்ணர் பெரிய கிளாக்கராக இருக்கும் தோட்டத்துப் பிள்ளை. தகப்பன் மாரிசாமி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு அவர் போட்ட மனுவுக்குக் கொழும்புக் கந்தோரிலிருந்து வந்த பதில் அது. ஜனவரியில் அண்ணர்தான் அதை வாசித்து, மனு தள்ளுபடி, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று சொல்லிக் கையில் கொடுத்தாராம்.

விசாலாட்சி எழுந்து நின்று விரல் வைத்து வாசித்தாள். ‘தள்ளுபடி செய்யப்படும்’ என்ற இடம் வந்தது. அடுத்த சொல் ‘அன்லெஸ்’. அங்கே நின்றுவிட்டாள். “சேர், இதுக்கு இல்லாட்டின்னுதானே அர்த்தம்?” என்றாள். ஆமென்றேன். “அப்படின்னா இன்னும் முடியலீங்களே!”

வாங்கிப் பார்த்தேன். இந்த நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததற்கு மூன்று மாதத்துக்குள் சான்று காட்டாவிட்டால்தான் தள்ளுபடி. கடிதத் தேதி டிசம்பர் பதினைந்து. மிச்சம் ஐந்தே நாள்.

அண்ணர் ஆங்கிலத்தில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தவறவிடாதவர். உமக்கே தெரியும்.

அன்று பின்னேரமே அவரிடம் போய், மாரிசாமி எத்தனை வருடமாக அங்கே வேலை செய்கிறார் என்பதற்குத் தோட்டப் பதிவிலிருந்து ஒரு நகல் கேட்டேன். “நீர் படிப்பிக்க வந்தனீர், படிப்பியும். தோட்ட விஷயத்திலை கை வையாதையும்” என்றார். இந்தக் கடிதங்களைப் பெரிதுபடுத்த வேண்டாமென்று தோட்டத்தை நடத்தும் துரை சொன்னதாகவும், தனக்கும் நாலு பிள்ளைகள் இருப்பதாகவும் பிறகு மெல்லச் சொன்னார். அவர் பயந்து போயிருந்தார், பாமா. எனக்குக் கோபப்படவும் முடியவில்லை.

வியாழக்கிழமை விசாலாட்சி தன்னுடையதும் இரண்டு தமையன்மாருடையதுமான பிறப்புச் சான்றிதழ்களைக் கொண்டுவந்தாள். மூவரும் அதே தோட்டத்தில் பிறந்தவர்கள். நகலுக்குப் பதில் அவைதான் சாட்சி. பதிலை அவளையே எழுதச் சொன்னேன். முதல் முயற்சி, பாடப் புத்தகத்தில் மாமாவுக்கு எழுதும் கடிதம்போல் சுகம் விசாரித்துத் தொடங்கியது. கிழித்தோம். நாலாவது தாளில் ஆறு வாக்கியம், ஒவ்வொன்றும் தெளிவு. இரண்டு வினைச்சொல்லை மட்டும் திருத்தினேன். நானே எழுதியிருந்தால் கால் மணி நேர வேலை. ஆனால் நாளைக்கு இன்னொரு கடிதம் வரும்போது நான் அங்கே இருப்பேனா?

மாரிசாமி கத்தியோடு மலையிலிருந்து நேரே ரயிலேறிப் பதுளைக்கு, பள்ளிக்கே வந்து கைநாட்டு வைத்தார். தபால் கந்தோர் மூடப்போகிற நேரத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தோம். முத்திரை குத்தும் வரை அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. நாளைதான் கடைசி நாள். சனிக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

பதில் போன செய்தி அன்றிரவே தோட்டத்தில் பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை அண்ணர் மாரிசாமியைக் கூப்பிட்டு யார் எழுதினதென்று கேட்டிருக்கிறார். “எம்மக எழுதுனாங்கய்யா” என்றாராம் மனுசன். தலை குனியவில்லையாம். பிறகு என் முறை. நான் பிழையாக வழிநடத்தி அனுப்பிய பதில் அது, அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று பிரஜாவுரிமைக் கந்தோருக்கு எழுதச் சொன்னார். மாட்டேன் என்றேன். பள்ளி விட்டுத் திரும்பியபோது என் பெட்டி விறாந்தையில் இருந்தது. துரையும் பள்ளிக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறார். நாளைக்குத் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். இடமாற்றம் வரலாம். எந்த மூலைக்கு என்று தெரியவில்லை.

நேற்று நான் வரச் சொல்லாமலே ஐந்து பிள்ளைகள் பாறூக் நானாவின் படியேறி வந்தார்கள். ஆளுக்கொரு கடிதம். தங்கள் லயத்து வீடுகளில் பெட்டிகளைக் கிளறி எடுத்தவை. இரண்டுக்குத் தவணை முடிந்துவிட்டது. மூன்றுக்கு நாள் இருக்கிறது. தரையில் பாய் விரித்து இருட்டும்வரை எழுதினார்கள்.

பிள்ளை பிறந்ததும் உம்மை அண்ணரின் குவாட்டர்ஸுக்குக் கூட்டிவருவதாகச் சொன்னேன். அது இனி நடக்காது. அதற்காக என்னைப் பொறுத்துக்கொள்ளும். கீரையும் பாலும் தவறாமல் எடும். இரவில் கிணற்றடிக்குத் தனியே போக வேண்டாம்.

அண்ணரோடு நீர் பகைக்க வேண்டாம். உமது அப்பா ஏசினால் பேசாமல் இரும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து, என்னை அண்ணரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி எழுதுவார்கள். அவர்கள் எழுதட்டும். உமது கையெழுத்தில் மட்டும் அது வர வேண்டாம், பாமா.

பிள்ளையார் உம்மையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் காக்கட்டும்.

உமது,
இரகுநாதன்