கை அளவுக்கு ஒரு டிவி

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

காலாண்டு விடுமுறை முடிந்து மகள் அருணாவை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம். அவர் ஜீப் ஓட்ட, நான் பக்கத்தில். திரும்பி வரும்போது பின்சீட்டில் அவள் விளையாடிய புளியங்கொட்டைகள் கிடந்தன. எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். எதற்கென்று கேட்டால் எனக்கே தெரியாது.

நேற்று நடந்ததை எழுதினாலாவது மனசு ஆறுமா பார்க்கிறேன். அடுப்படியில் இருந்தேன். அருணா ஓடி வந்து கைகளால் என்னவோ சொன்னாள். பிறந்ததிலிருந்து காது கேட்காத பிள்ளை. எட்டு வயதில் மலைக்குக் கீழே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்வரை நாங்களாக உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சுதான் எங்களுக்கு. அப்பா என்றால் ஸ்டியரிங் பிடிப்பது. சாமை என்றால் விரல்நுனிகளைத் தேய்ப்பது. அம்மா என்றால் மூக்கின் வலப்பக்கம் ஒரு விரல். என் மூக்குத்தி! அதைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு ஒன்றரை வயதுகூட இல்லை.

இப்போது பதினொன்று. பள்ளியில் கற்ற பேச்சு அவள் கையில் தண்ணீராக ஓடுகிறது. எனக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொன்னாள். அப்போதும் புரியவில்லை. மூன்றாம் முறை சொல்லவில்லை. மணிக்கட்டை ஒரு உதறு உதறினாள். விடு, ஒன்றுமில்லை என்று அர்த்தம். அதற்கு மட்டும் பாடமே தேவைப்படவில்லை, உடனே புரிந்தது.

அப்புறம் போய் ஆட்டுக்குட்டியோடு விளையாடினாள். கோபமெல்லாம் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை.

அக்டோபர் 9

கைப்பேச்சைக் கற்றுத்தரும் வீடியோக்கள் யூடியூபில் இருப்பதாக அவள் டீச்சர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. நான் வேலை செய்கிற மில்லில் சாமை காயும் நேரத்தில் போனில் போட்டுப் பார்த்தேன். கீறல் விழுந்த போன். அதில் ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு கை, அந்தக் கையில் விரல். மடங்கியது நடுவிரலா மோதிரவிரலா? எறும்பு ஊர்வதைப் பார்த்துக் கோலம் போடக் கற்றுக்கொள்கிற கதைதான்.

பெரிய டிவி வேண்டும். விரல் தெரிகிற டிவி.

அக்டோபர் 13

இன்று அவரிடம் சொன்னேன். "சீரியல் பாக்கறதுக்கா?" என்று சிரித்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, கரண்டியை வைத்துவிட்டேன்.

"ஒங்க பொண்ணு இன்னா சொல்றான்னு ஒங்களுக்குத் தெரியுதா?"

சாப்பிட்டு எழுந்து, கை கழுவி, ஜீப்பைத் துடைக்கப் போனார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் துணியைப் பிழிந்தபடி சொன்னார்.

"ரெண்டு வருசமா நான் சும்மா தலைய ஆட்டிக்கினு கீறேன் தேவயானி. அவளுக்கும் அது தெரியும்."

கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் இந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் அழவில்லை. துணியை மட்டும் நான்கு முறை பிழிந்தார்.

அக்டோபர் 19, சனி

போளூர் போய் டிவி வாங்கியாயிற்று!

கடை இக்பால் பாயுடையது. வாணியம்பாடியிலிருந்து வந்து இங்கே கடை போட்டவர். உள்ளே நுழைந்ததும், வீடு எவ்வளவு பெரிது, எத்தனை அடி தள்ளி உட்காருவீர்கள் என்று கேட்டார். நான் அதற்குப் பதில் சொல்லாமல், கையால் பேசுகிற வீடியோ ஒன்றைப் போடச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் போட்டார்.

முப்பத்திரண்டு இன்ச் திரையில் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். டிவியில் இருந்த கை குழந்தைக் கை. நாற்பத்து மூன்றிலும் சின்னதுதான். கடைக்காரப் பையன் கைரேகை படுகிறதே என்று பதறினான். ஐம்பத்தைந்தில் வைத்தேன். கிட்டத்தட்ட என் கை அளவுக்கு வந்தது.

"இது போதும் பாய்."

"டிவிய கையால அளந்து வாங்கறவங்கள இப்பதாம்மா பாக்கறேன்," என்றார். விஷயத்தைச் சொன்னேன். பேர் போன கம்பெனி வேண்டாம், அந்தக் காசுக்கு அளவு வராது என்று, நான் கேள்விப்படாத ஒரு கம்பெனியை அவரே தேர்ந்தெடுத்தார். சத்தம் சுமார்தான், படம் சுத்தமாக இருக்கும் என்றார். எங்கள் வீட்டில் யாருக்கு வேண்டும் சத்தம்? தவணையில் எழுதிக்கொண்டு, கரண்ட் ஏறி இறங்குகிற மலை என்று ஸ்டெபிலைசரையும் சேர்த்து ஏற்றினார்.

படுக்கவைத்தால் திரை உடைந்துவிடுமாம். ஜீப்பில் நிற்கவைத்து, இரண்டு பக்கமும் கம்பளி கொடுத்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் நான் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தேன். அருணாவைப் பிரசவித்துக் கொண்டுவந்தபோதுகூட அவர் இவ்வளவு மெதுவாக ஓட்டவில்லை.

அக்டோபர் 20

மாட்டியாயிற்று. சுவரில் பாதி போய்விட்டது. காலண்டரும் கண்ணாடியும் கொல்லைப்பக்கச் சுவருக்குக் குடிபோயின.

ஒரு முட்டாள்தனமும் தெரிந்தது. இவ்வளவு பெரிய டிவியில் அருணாவோடு முகம் பார்த்துப் பேசலாம் என்று நினைத்திருந்தோம். அதில் கேமராவே இல்லை. பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் அக்கா சுற்றிச்சுற்றி வந்து தேடிவிட்டு, "இம்மாம் பெரிசு பண்ணவன் ஒரு கண்ணு வெக்க மறந்துட்டானே," என்றார். இக்பால் பாய்க்குப் போன் செய்தோம். இந்த விலைக்கு அது வராதாம். போனில் பேசிக்கொண்டே அதை டிவியில் காட்டலாம், இரண்டு போன் வேண்டும் என்று வழி சொன்னார். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் பேசக் கற்றால்தானே பேச?

அக்டோபர் 24

அம்மா, அப்பா, தண்ணீர், பசி, பள்ளிக்கூடம். ஐந்தும் வந்துவிட்டது. கட்டைவிரல் வலிக்கிறது.

அக்டோபர் 27

எங்கள் ஊரில் டவர் விடிகாலையில்தான் மனசு வைக்கும். ஆகவே விடிந்ததும் பாடம், அப்புறம் சோறு, அப்புறம் மில். கற்றுத்தருபவர் ஒரு வெள்ளைக்காரர். முன்வழுக்கை, சிரித்த முகம், ஒன்றையே பத்து முறை செய்து காட்டுகிற பொறுமை. பக்கத்தில் இங்கிலீஷில் எழுத்து வருகிறது. பத்தாவது வரை படித்தது வீண்போகவில்லை. நம்ம டிரைவருக்கு அந்த ஆள் மேல் லேசாகப் பொறாமை என்று நினைக்கிறேன். "உன் வாத்தியார் வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே அவரும் பின்னால் உட்கார்ந்து விரலை மடக்குகிறார்.

சம்பூர்ணம் அக்கா சீரியலுக்கென்று வந்தவர். இப்போது ஏ, பி, சி, டி வரை வந்துவிட்டார். வெள்ளைக்காரர் சொல்வது நமக்கு ஒத்துவருமா என்று எனக்குத்தான் முதலில் ஒரு சந்தேகம். அக்காதான் தீர்த்துவைத்தார். "அவனுக்கும் அஞ்சு வெரலுதானே? வாயிதான் ஊருக்கு ஊரு மாறும். கை மாறுமா?"

சரிதானே என்று பட்டது.

தீபாவளிக்கு அருணா வருகிறாள். ஒரு கையாலேயே, விரலை மடக்கி எழுத்தெழுத்தாக அவள் பேரைக் காட்டப்போகிறேன்.

அக்டோபர் 31, தீபாவளி

எழுதவே பிடிக்கவில்லை.

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புதுப்பாவாடை கட்டி, டிவி முன்னால் நிற்கவைத்தேன். அவர் என் பக்கத்தில். சம்பூர்ணம் அக்கா வாசலில். நான் செய்து காட்டினேன். உன் பெயர் அருணா. நான் உன் அம்மா. நீ பள்ளியிலிருந்து வந்தாய், எனக்குச் சந்தோஷம்.

அவள் என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். கையை மறுபடி பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. அவர் செய்து பார்த்தார். அதுவும் புரியவில்லை. நான் திரும்பத் திரும்பச் செய்தேன். நடுவில் ஒரு எழுத்து மறந்துபோய்த் தடுமாறினேன். பிள்ளை பாவம், எனக்காகச் சிரிக்கப் பார்த்தாள். அப்புறம் அந்த உதறல்.

விடு.

டிவியை அணைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டேன். நான் மக்கா? என் கைதான் மரக்கட்டையா? விற்றுத் தொலைங்க அதை என்று அவரிடம் கத்தினேன். பண்டிகை நாள். வடை கருகிவிட்டது.

நவம்பர் 1

காலையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தேன். அருணா வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வரமாட்டேன் என்றேன். விடவில்லை.

டிவியை அவளே போட்டிருந்தாள். யூடியூபைத் திறந்தால் வரிசையாக அந்த வெள்ளைக்காரர். நான் பார்த்த ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் சிவப்புக் கோடு, கடைசி வரை. அவள் கீழே கீழே தள்ளிக்கொண்டே போகிறாள், கோடு தீரவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். விரலால் என்னைக் காட்டினாள், டிவியைக் காட்டினாள். இத்தனையும் நீயா?

ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வயிற்றில் முகம் புதைத்துக் குலுங்கினாள். அழுகிறாளோ என்று நிமிர்த்தினால், அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

அப்புறம் விளக்கினாள். போனில் உலகப்படம் எடுத்து, அமெரிக்காவில் விரல் வைத்து அந்த ஆளைக் காட்டினாள். விரலை இழுத்து இழுத்து இங்கே கொண்டுவந்து தன்னைக் காட்டினாள். ஊருக்கு ஊர் கையும் மாறுமாம்! அங்கே எழுத்துக்கு ஒரு கை. இங்கே இரண்டு கையும் வேண்டும். என் இடது கையைத் தூக்கிவிட்டு, இதற்கும் வேலை கொடு என்கிற மாதிரி ஆட்டினாள்.

சம்பூர்ணம் அக்காவிடம் சொன்னேன். வாயில் வெற்றிலையோடு அப்படியே நின்றார். "பாவம், அந்தாளு அவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்தானே," என்றார்.

நவம்பர் 3

ஹாஸ்டலில் விட்டுவந்தோம். போவதற்கு முன் நம் நாட்டு டீச்சர் ஒருவரின் வீடியோக்களைத் தேடி டிவியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சுடிதார் போட்ட அம்மா. சிரிப்பதில்லை, ஆனால் விரல் தெளிவு.

நவம்பர் 17

வாக்கியம் வருகிறது. ஆனால் ஒன்று கவனித்தேன். எழுதிவைக்கிறேன், யாரிடமும் சொல்லப்போவதில்லை. தீபாவளிக்கு வந்திருந்தபோது அருணா ஒரு தடவைகூட மூக்கைத் தொடவில்லை. அம்மாவுக்குப் பள்ளியில் கற்ற சைகைதான். பாடம் படித்தால் அப்படித்தானே? நானேதான் அந்தப் பேச்சு வேண்டும் என்று கேட்டேன். இருந்தாலும் மூக்குத்தி போய்விட்டது. கண்ணாடி பார்க்கும்போது அது சும்மா ஒரு கல்லாக இருக்கிறது.

டிசம்பர் 2

பேய்மழை. கரண்ட் இல்லை. பாதையில் மண் சரிந்து ஜீப் ஓடவில்லை. டிவிக்குப் போர்வை போர்த்தியிருக்கிறோம். விளக்கு வெளிச்சத்தில் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பழகினோம். மழை எப்போது நிற்கும் என்று கையால் கேட்டார். பதினான்கு வருடத்தில் நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

டிசம்பர் 27

அரையாண்டு விடுமுறை. அருணா வீட்டில். அவள் சொல்வதில் பாதி புரிகிறது. மீதியை நிறுத்திக் கேட்கிறேன். முதல் வருடம் ஹாஸ்டலில் தலையணைக்குக் கீழே என் பழைய ரவிக்கையை வைத்துக்கொண்டு தூங்கினாளாம். யாருக்கும் தெரியாதாம். மூன்று வருடம் கழித்து எனக்குத் தெரிகிறது. இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள், நான்தான் அழுதேன்.

அக்டோபரில் அடுப்படிக்கு ஓடிவந்து என்ன சொன்னாய் என்று கேட்டேன். யோசித்தாள். மறந்துவிட்டதாம்.

ஜனவரி 25, 2025, சனி

இன்று டிவியில் அருணாவோடு பேசினோம். அவர் போனில் நெட், என் போனில் படம், அது டிவிக்கு. போனை ஜன்னலில் சாய்த்துவைத்து நாங்கள் எதிரே நின்றோம். வார்டன் அம்மாவைப் போனைப் படுக்கவைத்துப் பிடிக்கச் சொன்னதும் சுவர் முழுக்க என் பிள்ளை. திரையில் அவள் கை என் கையைவிடப் பெரிதாக இருந்தது.

பின்னால் ஒரே கூட்டம், ஹாஸ்டல் பெண்கள். அதில் ஒரு குட்டி முன்னால் வந்து அருணாவின் தோளைத் தட்டி, இது யார் என்று கேட்டது. எனக்கே புரிந்தது. அருணா திரும்பி, சாதாரணமாக, மூக்கின் வலப்பக்கம் விரலை வைத்தாள்.

குட்டி உடனே போனுக்குள் வந்துவிடுவதுபோல் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து என் மூக்கைத் தேடியது. கண்டுபிடித்துவிட்டது. திரும்பி எல்லோருக்கும் தன் மூக்கைத் தொட்டுக் காட்டியது. அவ்வளவுதான், அங்கே நின்ற அத்தனை பெண்களும் மூக்கில் விரலை வைத்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அம்மா எல்லோருக்கும் இருக்கிறார்கள், அதற்கு ஒரே சைகை. ஆனால் அந்தப் பள்ளியில் என் பெயர் இது. இத்தனை நாளும் இதுதான்.

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை.

வைக்கிற நேரத்தில் அருணா என்னவோ வேகமாகச் சொன்னாள். புரியவில்லை. மறுபடி சொன்னாள். படம் இடையில் நின்று நின்று வந்தது, அப்போதும் புரியவில்லை. நான் அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது உதறவில்லை. ஒரு படி முன்னால் வந்து நின்று, மெதுவாக, விரல் விரலாக, மூன்றாம் முறை சொன்னாள்.

துணி சோப்பு தீர்ந்துவிட்டதாம். திங்கட்கிழமை அவர் கீழே போகும்போது கொடுத்தனுப்ப வேண்டும்.