மார்கரெட்டின் மாத்திரை

கடப்பாக்கம்,
ஆகஸ்டு, 1957

அன்புள்ள மகன் தாவீதுக்கு அம்மா சாராள் எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் உன் அக்கா மார்கரெட்டும் சுகம். பம்பாய் மழையில் நனைந்து காய்ச்சல் வராமல் நீ வேலைக்குப் போய்வர ஜெபிக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. கல்யாணப் பேச்சுக்குப் பெண் வீட்டார் வருவதற்குள் அக்காவை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடச் சொல்லியிருக்கிறாய். அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். சுந்தரவல்லி என்று ஒரு நர்ஸ் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வாராவாரம் வியாழக்கிழமை நம் வீட்டுக்கு வருகிறாள். புத்தி பேதலித்தவர்களை வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்க்கிறார்களாம், மாத்திரையும் சும்மாவாம். இந்தக் காலத்தில் சும்மா யார் எதைக் கொடுக்கிறார்கள்? அக்கா எங்கே படுக்கிறாள், சொல்லாமல் வெளியே போய்விடுவாளா என்றெல்லாம் கேட்கிறாள். இன்றைக்கு நோட்டம் பார்த்துவிட்டு நாளைக்கு வண்டியோடு வருவாள் என்றுதான் நினைத்தேன். உன் ஏற்பாடாக இருக்குமோ என்றும் ஒரு சந்தேகம்.

சாப்பாட்டில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று உன் அக்காவுக்குப் பயம், நான் ஒரு வாய் தின்று காட்டினால்தான் தொடுவாள் என்பது உனக்குத் தெரியும். மாத்திரைக்கும் அப்படியே வாயை இறுக்கிக்கொண்டாள். இது அவளுக்கு மட்டும்தான், நீங்கள் தொடக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னதே எனக்கு உறுத்தியது. நல்ல மருந்தென்றால் நான் தின்றால் என்ன? தினமும் அவள் எதிரில் நான் ஒன்று முழுங்கினேன், பிறகு அவள் ஒன்று முழுங்கினாள். எனக்கானால் நாக்கு வறண்டு, நின்ற இடத்தில் கண் சொருகியது. என்னைத் தூங்கவைத்துவிட்டுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகத்தான் திட்டம் என்று கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தேன். மார்கரெட் என்னவோ சுவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள், தானே தலை வாரிக்கொண்டாள். அதையும் நான் நம்பவில்லை.

போன ஞாயிறு ஆலயத்துக்குப் போகக்கூட எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். கண் விழித்தால் அவள் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "நான் குட்ச்சிப் பாத்துட்டேன்மா, ஒண்ணும் இல்ல, நீ குடி" என்றாள். எனக்கு அழுகை அடங்கவில்லை தாவீது. நர்ஸ் வந்ததும் மார்கரெட்டே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். அம்மாவுக்கு வேண்டாம், எனக்கு மட்டும் கொடு என்று கையை நீட்டினாள். நர்ஸ் என்னைத் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டது.

அந்த நர்ஸை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் வியாழக்கிழமை வந்தால் கதவைத் திறப்பேன். உன்னை நம்பத்தான் இப்போது யோசனையாக இருக்கிறது. நர்ஸை அனுப்பியவர்களுக்கு எழுதியது நீயென்றால், வந்து பார்க்கச் சொன்னாயா, அழைத்துப் போகச் சொன்னாயா, ஒளிக்காமல் எழுது. பெண் வீட்டார் வரும்போது அக்காதான் வாசலில் நின்று வாங்க என்று கூப்பிடுவாள். அதற்கு ஒப்பாதவர்கள் சம்பந்தம் நமக்கு வேண்டாம்.

கர்த்தர் உன்னைக் கண்போல் காப்பாராக. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. வரும்போது அக்காவுக்கு ஒரு சேலை மறக்காமல் எடுத்து வா. நீலத்தில் வேண்டுமாம், அவளே வாய் திறந்து கேட்டாள்.

உன் அம்மா,
சாராள்