அண்ணிக்கு ஓர் ஆட்சேபணை

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் என் வாடகைப் படகுகளும் நலம். நீங்களும் அண்ணனும் சுகம்தானே?

ஆற்றங்கரையையும் கடற்கரையையும் சீரமைக்க நகராட்சிக்காக நீங்கள் போட்ட வரைபடத்தை நூலகத்தில் பார்த்தேன். பாலத்திலிருந்து கடல் வரைக்கும் நடைபாதை, நிழலுக்கு மரம், சாய்ந்து உட்கார பெஞ்சு, குழந்தைகள் மணலில் விளையாட ஓர் இடம். கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு கடலில் சேரும் இடத்தில் நான் படகு இறக்கும் சரிவு எங்கே அண்ணி? அங்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை படிக்கட்டு வரைந்து வைத்திருக்கிறீர்கள். படகுக்குக் கால் முளைத்தால்தான் அதில் இறங்கும். அந்தச் சரிவு போனால் என் பிழைப்பும் போச்சு.

நேரில் வந்து சண்டை போடலாமென்றால், திட்டம் முடிவாகும் வரை சொந்தக்காரர்கள் உங்களோடு அதைப் பற்றிப் பேசக்கூடாது, எழுதி நூலகத்து ஆட்சேபணைப் பெட்டியில் போட வேண்டும் என்று உங்கள் பெரிய அதிகாரி சொல்லிவிட்டாராமே. நாம் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது. அதனால்தான் சாயங்கால டீக்குக்கூட வருவதில்லை.

அண்ணன் இன்னும் குறட்டை விடுகிறானா? நீங்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த நீலச் சட்டை. தயவுசெய்து அதைத் தரை துடைக்கப் போடுங்கள். அவன் அதோடு தெருவில் வந்தால் தங்கை என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

ஆட்சேபணை படிக்கட்டு மேல்தான், உங்கள் மேல் இல்லை.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 11

அன்புள்ள வாயாடிக்கு,

அந்தப் பெட்டியை நான் மட்டும்தான் திறப்பேன் என்று உனக்கு யார் சொன்னது? அதில் விழும் ஒவ்வொரு கடிதத்தையும் நூலகத்துப் பலகையில் ஒட்டுவோம். பக்கத்திலேயே எங்கள் பதிலையும் ஒட்டுவோம். அதுதான் நகராட்சி முறை. ஒட்டுகிற பெண் உன் கடிதத்தில் ஓர் எழுத்தைக்கூட விடவில்லை. உன் அண்ணனின் குறட்டை இப்போது ஊர்ச் சொத்து. தலைவலி மாத்திரை வாங்கப் போனவரிடம் மருந்துக்கடைக்காரர் பஞ்சுப் பொட்டலத்தையும் சேர்த்து நீட்டி, “இது வீட்டுல அவங்களுக்கு சார்” என்றாராம். அன்று முழுக்க மனிதர் என்னோடு பேசவில்லை. படுத்த பிறகுதான் சத்தம் வந்தது.

இனி முறைப்படியான பதில். சரிவில் பாசி பிடிக்கிறது, வருகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். படகு ஏறாதவர்களுக்கும் தண்ணீர் பக்கத்தில் உட்கார ஆசை இருக்கும். அவர்களுக்குத்தான் படிக்கட்டு. உன் படகுகளைப் பாலத்தடியில் இறக்கிக்கொள்ளலாம்.

முறைப்படி இல்லாத பதில்: டீ நேரத்தில் உன் நாற்காலியில் பூனை உட்காருகிறது. அதற்கு ஊர்வம்பு பேசத் தெரியவில்லை.

இதையும் ஒட்டுவார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். மானம் போனது போனதுதான்.

உன் அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

பாலத்தடியில் முழங்கால் வரை சேறு. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் முதன்முதலில் துடுப்பைத் தொடுகிறவர்கள். பாலத் தூணில் போய் முட்டிக்கொண்டு என்னைத் திட்டுவார்கள். முடியாது அண்ணி.

நேற்று நூலகத்துக்குப் போனேன். பலகை முன்னால் சரியான கூட்டம். கண்ணாடி போட்ட ஓர் அம்மா நம் கடிதங்களைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். “நாத்தனார் சொல்றதுல நியாயம் இருக்கு” என்றது ஒரு குரல். “அட நீங்க வேற, அந்தக் குறட்டையோட குடித்தனம் பண்ற அண்ணிதாங்க பாவம்” என்றது இன்னொன்று. நான் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பின்னால் நின்றேன். இத்தனை நாள் யாரும் திரும்பிப் பார்க்காத பலகை அது! இப்போது தபால்காரர் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு எழுதியிருக்கிறார். தையற்கடைக்காரம்மா நடைபாதைக்கு விளக்கு கேட்டிருக்கிறார். நம் சண்டையால் ஊருக்கு நல்லது நடக்கிறது.

சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் காலையில் சரிவில் போய் நின்று, இது இன்னும் எத்தனை நாளைக்கு என்று எண்ணிப் பார்க்கிறேன் அண்ணி. எனக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

உங்கள் நாத்தனார்


மார்ச் 2

அன்புள்ள வாயாடிக்கு,

பெரிய அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். “சரிவு குடுத்தா நாத்தனாருக்குச் சலுகைன்னு சொல்வாங்க. குடுக்கலைன்னா நாத்தனாரைப் பழிவாங்கிட்டீங்கன்னு சொல்வாங்க. என்னம்மா பண்ணப் போறீங்க?” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. அதனால் முகத்துவாரப் பகுதியை மட்டும் என் சக ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அளவுகோல். பிஸ்கட்டை இரண்டாக உடைத்தாலும் சரிபாதியா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். என்ன வரையப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

மற்ற பகுதிகள் எல்லாம் என் வேலை. அந்த முகத்துவாரம் மட்டும் என் ஆசை. கொடுத்துவிட்டு வந்து மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

உன் அண்ணி


மார்ச் 5

அண்ணி,

என் ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். படிக்கட்டே இருக்கட்டும். உங்கள் ஆசையைக் கெடுத்துவிட்டு நான் எந்த முகத்தோடு அங்கே படகு விடுவது? அந்த இடத்தை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குச் சேறு பழகிவிடும்.

நாத்தனார்


மார்ச் 8

அடி அசடே,

உன் வாபஸ் கடிதத்தையும் ஒட்டினார்கள். மறுநாளே அதன் கீழே யாரோ “ஒத்துக்க முடியாது” என்று துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். கையெழுத்து தபால்காரருடையது போலத் தெரிகிறது.

எனக்கும் அதே கருத்துதான். எனக்காக நீ விட்டுக்கொடுத்தால் நான் எந்த முகத்தோடு அந்தப் படியில் உட்காருவேன்? என் வரைபடத்தை “சரியில்லை” என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய். நீயும் தலையாட்டிவிட்டால் நான் கெட்டேன். வாபஸை வாபஸ் வாங்கு. அளவுகோல் அந்தப் பக்கம் வந்தால் எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொல், சலுகை கேட்காதே, அவ்வளவுதான். ஊரே படிக்கத்தானே இதை எழுதுகிறேன்.

உன் அண்ணி


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வாபஸை வாபஸ் வாங்கினேன். நீங்கள் சொன்ன அளவுகோலும் வந்தார். பளபளவென்று ஷூ போட்டு வந்தார். “பார்த்துங்க சார், பாசி” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். மனிதர் விழுந்த இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “உங்க அண்ணி சொன்னது சரிதாங்க” என்றார். கை கொடுத்துத் தூக்கினேன். “பாசி விஷயத்துல சரிதாங்க” என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கமாக வந்த அண்ணன் ஓடிப்போய் வண்டியிலிருந்து மாற்றுச் சட்டை கொண்டுவந்து கொடுத்தான். எந்தச் சட்டை என்று நினைக்கிறீர்கள்? அதைப் போட்டுக்கொண்டு அவர் திரும்பிப் போகும் வழியெல்லாம் எதிரில் வந்தவர்கள், “சார், இது அந்த நீலச் சட்டைதானே?” என்று கேட்டுக் குடைந்துவிட்டார்களாம்.

போவதற்கு முன்னால் கவிழ்த்து வைத்த என் படகின் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். படகுகள் இறங்குவதைப் பார்த்தார். கரையில் இடமில்லாமல் நின்றுகொண்டே தண்ணீரைப் பார்க்கிறவர்களையும் பார்த்தார். அப்புறம் கேட்டார்: “இவ்ளோ அகலமான இடத்துல நீங்க ரெண்டு பேரும் ஏங்க முழு இடத்தையும் கேக்கறீங்க?” எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் படிதான் என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள், நான் சரிவுதான் என்று நின்றேன். பாதிப் பாதி என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை பாருங்கள்.

உங்கள் நாத்தனார்


மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று முடிவு ஒட்டினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்ப் பார்த்தேன். நடுவில் என் சரிவு, கால் வழுக்காமலிருக்கக் குறுக்கே வரி வெட்டியது. இரண்டு பக்கமும் உங்கள் படிக்கட்டு. அவர் புதிதாக எதுவும் வரையவில்லை அண்ணி. நீங்கள் போட்ட படிகளை அப்படியே வைத்து, நடுவில் எனக்கு வழி விட்டிருக்கிறார். கண்ணாடி போட்ட அம்மா அதையும் சத்தமாக வாசித்தார். தபால்காரர் விசில் அடித்தார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். இந்த முறை முந்தானையால் தலையை மூடிக்கொள்ளவில்லை.

இனிமேல் நாம் பேசலாம், தெரியும். ஆனாலும் இதைப் பெட்டியில்தான் போடுகிறேன். இத்தனை நாள் படித்தவர்களுக்கு முடிவு தெரிய வேண்டாமா?

நகராட்சியின் தீர்மானத்தில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. நாளைச் சாயங்காலம் டீக்கு வருகிறேன். பூனையை நாற்காலியிலிருந்து இறக்கிவிடுங்கள்.

உங்கள் வாயாடி