மேடையின் உயரம்

பிப்ரவரி 4

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நலம். உங்கள் நலத்தைக் கேட்டால் "எனக்கென்ன கேடு" என்பீர்கள், அதனால் கேட்கவில்லை. போனில் அடுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது உங்கள் அக்காவில் போய் முடிகிறது. ஆகவே சமையலறை விஷயம் மட்டும் இனிமேல் கடிதத்தில் என்று நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். எழுதும்போது நடுவில் வெட்டிப் பேச ஆள் இல்லை, அது எனக்கும் வசதிதான்.

சமையலறைச் சுவரின் ஈரம் கூடம் வரைக்கும் வந்துவிட்டது. குழாயை மாற்றினால் போதும் என்று நினைத்துத்தான் ஆள் கூப்பிட்டேன். வந்த கொத்தனார் சமையல் மேடையை விரலால் தட்டினார், அடியில் தலையை விட்டுப் பார்த்தார், பிறகு ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வருகிற டாக்டர் மாதிரி என்னைப் பார்த்தார். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருக்கிறதாம். ஒட்டுப்போட்டால் நிற்காதாம். மொத்தமாக இடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டுமாம்.

கேட்டதும் எனக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. காலையில் சமைத்து வைத்துவிட்டு ஓடி, பள்ளிக்கூட அலுவலகத்தில் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோரிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தால் மறுபடியும் அதே அடுப்பு. இதற்கு நடுவில் கொத்தனார், தச்சர், குழாய்க்காரர் என்று மூன்று பேரைக் கட்டி மேய்க்க எனக்குத் தெம்பில்லை. மகளைக் கூப்பிடவும் முடியாது, அவளுக்கு விடுதியில் பரீட்சைக் காலம்.

"நீயே பார்த்துச் செய்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இந்த வீட்டில் எல்லாவற்றையும் நானே பார்த்து நானே செய்து சலித்துப்போய்விட்டது. இதையாவது நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி


பிப்ரவரி 19

அன்புள்ள குள்ளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இடிக்கச் சொல். நல்லதுக்குத்தான் நடந்திருக்கிறது.

நீ உட்கார்ந்துகொண்டு படி, ஒரு செய்தி இருக்கிறது. மே மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இந்த முறை நீட்டிக்கப் போவதில்லை. சுரங்கத்துக்காரர்களுக்கு வேளாவேளைக்கு வடித்துக் கொட்டியே பாதி ஆயுள் போய்விட்டது. தாலி கட்டியவளுக்கு ஒரு வேளை ஒழுங்காகச் சமைத்துப் போட்டதில்லை. வந்துவிடுகிறேன். வந்த பிறகு அந்தச் சமையலறை என்னுடையது. நீ வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார், தட்டு உன் கைக்கு வரும். பேச்சுக்குச் சொல்லவில்லை.

இத்துடன் ஒரு கயிறு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சிரிக்காதே. இங்கே மெஸ்ஸில் நான் நிற்கிற மேடையின் உயரத்துக்குச் சரியாக வெட்டியது. ஒரு மேடை தாழ்ந்திருந்தால் சமையல்காரனின் இடுப்பு ஐந்து வருஷத்தில் போய்விடும், கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். அங்கே விடுப்பில் வந்து காய் நறுக்கும்போதெல்லாம் நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். நம் வீட்டு மேடை உன் உயரத்துக்குக் கட்டியது, அதாவது பொம்மை வீட்டுக்குக் கட்டியது.

கொத்தனாரிடம் கயிற்றைக் கொடு. தரையிலிருந்து மேல் கல் வரைக்கும் இந்த அளவு, இம்மி பிசகக் கூடாது. தொட்டி ஆழமாக இருக்கட்டும், பெரிய பாத்திரம் படுக்க வேண்டும். அலமாரியெல்லாம் மேலே.

அன்புடன்,
உன் சமையல்காரன்


மார்ச் 16

அன்புள்ள அத்தானுக்கு,

இடித்தாயிற்று. வீடு ரெண்டுபட்டுக் கிடக்கிறது. தூசி போகாத இடமில்லை, நேற்று இரவு தலையணையைத் தட்டினேன், சிமெண்ட் மூட்டையைத் தட்டினது போலிருந்தது. கட்டில் ஓரத்தில் ஒற்றை அடுப்பை வைத்துச் சமைக்கிறேன். பாத்திரம் கழுவுவது குளியலறையில். குளிக்கப் போனால் கரண்டி காலில் இடறுகிறது.

உங்கள் கயிற்றைக் கொடுத்தேன். கொத்தனார் அதைத் தரையில் ஒரு முனை வைத்துத் தூக்கிப் பிடித்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கயிற்றைப் பார்த்தார். "ஏம்மா, இது உங்க நெஞ்சு வரைக்கும் வருதே. அளவு மாறிப்போச்சா?" என்றார். மாறவில்லை, சமைக்கப் போவது வீட்டுக்காரர் என்று சொன்னேன். அவர் எங்கே என்று கேட்டார். வருவார், மே மாதம் வருவார் என்றேன். மனுஷன் அன்றைக்கு வேலையை ஆரம்பிக்காமல், செங்கல் நனைய வேண்டும் என்று சாக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் மனசு மாறுவேன் என்று ஒரு நாள் கொடுத்திருக்கிறார் போல.

மறுநாளும் நான் அதையேதான் சொன்னேன். அத்தான், உங்களிடம் சொல்வதற்கென்ன, சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. எதிர்வீட்டு அக்கா காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அலுவலகத்திலும் சொல்லிவிட்டேன். எல்லோரும் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

உடம்பு அசந்துபோய்க் கிடக்கிறது. ஆனாலும் ஒரு முடிவு தெரிகிற அசதி, அதனால் பரவாயில்லை.

உங்கள் குள்ளி


ஏப்ரல் 28

அன்புள்ள குள்ளிக்கு,

வேலை எந்த மட்டில் இருக்கிறது? அடுப்புக்கு மேலே புகை போக வழி வைக்கச் சொல்ல மறந்துவிட்டேன். மேடை கட்டியாகிவிட்டதென்றாலும் பரவாயில்லை, சுவரை மட்டும் துளைத்துக்கொள்ளலாம். அலமாரிக் கதவு பக்கவாட்டில் திறக்கக் கூடாது, மேல்பக்கமாகத் தூக்குகிற மாதிரி வைக்கச் சொல். இங்கே அப்படித்தான் இருக்கிறது, தலையில் இடிக்காது.

இன்னொன்று. எனக்குப் பதில் வர வேண்டிய ஆள் இன்னும் வந்து சேரவில்லை. அவன் வந்து கைமாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும் போலிருக்கிறது. மே இல்லை, ஜூலை என்று வைத்துக்கொள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
உன் சமையல்காரன்


மே 30

அன்புள்ள அத்தானுக்கு,

சமையலறை முடிந்துவிட்டது. கல் கறுப்பாக, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிறது. முகத்தைப் பார்க்க நான் குனியவும் வேண்டாம், மேடைக்கு மேலே தெரிவதே என் முகம்தான்.

குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். கொத்தனார் போகும்போது சாரம் கட்டின பலகை ஒன்றுக்கு அடியில் கட்டை அடித்து, கேட்காமலே, மேடைக்கு முன்னால் போட்டுவிட்டுப் போனார். அதன் மேல் ஏறி நின்று சமைக்கிறேன். அடுப்பிலிருந்து தொட்டிக்குப் போக இறங்கி, பலகையைத் தள்ளி, மறுபடி ஏற வேண்டும். தொட்டியின் அடி எனக்கு எட்டுவதில்லை, கழுவி முடிப்பதற்குள் ரவிக்கை நனைந்துவிடுகிறது. அலமாரிக் கதவை ஒரு தடவை தூக்கினேன். அது மேலே போய் நின்றுகொண்டது. மூடுவதற்கு எதிர்வீட்டு அக்கா மகனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அதைத் திறப்பதே இல்லை.

தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும் போல வலிக்கிறது. ஜூலை வரைக்கும்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "யாரு வீட்டு சமையக்கட்டுல நீ வேலைக்குச் சேந்திருக்கே?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். நானும் சிரித்தேன்.

எந்தத் தேதிக்கு வருகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் குள்ளி


ஜூலை 3

அன்புள்ள அத்தானுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போனிலும் "சிக்னல் இல்லை" என்று வைத்துவிடுகிறீர்கள். வேலை அதிகமாக இருக்கும். நான் நலம். தேதி மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மனைவி


ஜூலை 21

என் குள்ளிக்கு,

மகள் போன் செய்தாள். சோறு வடிக்கும்போது பலகை புரண்டு கஞ்சி உன் மேல் கொட்டியதைச் சொன்னாள். கழுத்திலிருந்து இடது கை வரைக்கும் வெந்துபோயிருக்கிறது என்றாள். நீ என்னிடம் சொல்ல வேண்டாம் என்றாயாமே. அவள் என்னிடம் அழவில்லை, திட்டினாள். "உங்க மேடையை நீங்களே வந்து கட்டிக்கிட்டு அழுங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து இங்கே அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை. இனியும் மறைத்தால் நான் மனுஷனே இல்லை.

பதில் ஆள் வராமல் இல்லை. ஏப்ரலிலேயே வந்துவிட்டான், நல்ல கைமணம் உள்ளவன். நான்தான் போகவில்லை. கம்பெனியில் இன்னும் மூன்று வருஷம் இருக்கிறாயா என்று கேட்டார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

ஏன் என்று கேட்பாய். உனக்குச் சமைத்துப் போட வேண்டும் என்று எழுதியது பொய்யில்லை. கயிற்றை வெட்டும்போது சந்தோஷமாகத்தான் வெட்டினேன். ஆனால் கிளம்ப வேண்டிய நாள் நெருங்க நெருங்கப் பயம் பிடித்துக்கொண்டது. இங்கே நான் கரண்டியைத் தட்டினால் முழு மெஸ்ஸும் நிமிர்ந்து பார்க்கும். அங்கே விடுப்புக்கு வந்தால் முதல் வாரம் மாப்பிள்ளை மாதிரி இருக்கும், அதற்குப் பிறகு எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது யாரோ உட்கார வேண்டிய நாற்காலி மாதிரி இருக்கும். துண்டு எங்கே என்று உன்னைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தச் சமையலறை மட்டுமாவது என் அளவுக்கு இருந்தால் பயமில்லாமல் வந்துவிடலாம் என்று நினைத்தேன். கட்டி முடிந்தது என்று நீ எழுதின பிறகும் பயம் போகவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். டிசம்பரில் ஒரு மாதம் விடுப்புக் கேட்டிருக்கிறேன். வந்து, இருக்கிற வரைக்கும் நானே சமைக்கிறேன். உன்னை அடுப்பங்கரைப் பக்கம் விடமாட்டேன்.

உன்
அவர்


ஆகஸ்ட் 12

அன்புள்ள அத்தானுக்கு,

கை ஆறிவிட்டது. தழும்பு இருக்கும் என்கிறார் டாக்டர். புடவைத் தலைப்புக்குள் மறைந்துவிடும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, கோபம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அசதிதான் வந்தது. கோபப்படக்கூட உங்களை எதிரில் நிறுத்தி வைத்தால்தானே முடியும்.

நீங்கள் மனசு விட்டு எழுதினதற்கு நானும் ஒன்று எழுதுகிறேன். விடுப்பில் நீங்கள் வந்து பத்து நாள் ஆனால் எனக்கும் எப்போது கிளம்புவீர்கள் என்றிருக்கும். என் பாத்திரங்களை இடம் மாற்றி வைப்பீர்கள், நான் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்து உச்சுக் கொட்டுவீர்கள். நீங்கள் போனதும் எல்லாவற்றையும் பழைய இடத்தில் எடுத்து வைப்பேன். வைத்து முடித்துவிட்டு, இப்படி நினைத்தேனே என்று அழுவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆகவே பயம் உங்களுக்கு மட்டும் இல்லை. ஆனால் நான் பயந்துகொண்டே அந்தக் கயிற்றைக் கொடுத்தேன், அத்தான். நீங்கள் பயந்துகொண்டு கையெழுத்துப் போட்டீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

எனக்குச் சுடுவது கஞ்சி இல்லை. ஏப்ரலில் உங்கள் ஆள் வந்துவிட்டான், மே மாதம் நான் பலகை மேல் ஏறினேன். நீங்கள் அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கல் பதிக்கும் முன்னால் கொத்தனாரிடம் சொல்லித் தாழ்த்தியிருப்பேன். அலுவலகம் முழுக்க "வீட்டுக்காரர் வந்துவிட்டாரா" என்று கேட்கிறார்கள். வருகிறார், வருகிறார் என்று சொல்லி நாக்கு வறண்டுபோய்விட்டது.

போன வாரம் கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்ததும் பலகையை எடுத்து வாசலில் வைத்தார். கல்லை உடையாமல் கழற்றி, அடிச்சுவரில் இரண்டு வரிசைச் செங்கல்லை எடுத்துவிட்டு, மறுபடி அதே கல்லைப் பதித்திருக்கிறார். தொட்டியையும் மாற்றியாயிற்று. மேடை இறங்கின இடத்தில் சுவரில் டைல்ஸ் இல்லாமல் ஒரு பட்டை வெறும் சிமெண்டாகத் தெரிகிறது. அதே நிறத்தில் டைல்ஸ் கிடைக்கவில்லை, வேறு நிறம் போட்டுக்கொடுக்கட்டுமா என்று கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அலமாரிக் கதவுகளைத் தச்சர் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். திறந்த அலமாரிதான், எல்லாம் கைக்கு எட்டுகிறது.

வேலை முடிந்த அன்றைக்கு அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தரையில் கால் ஊன்றி நின்று எனக்கு மட்டும் ஒரு டீ போட்டேன். தோள் வலிக்கவில்லை. நின்றபடியே குடித்துவிட்டுப் போய்ப் படுத்துச் சாயங்காலம் வரைக்கும் தூங்கினேன்.

டிசம்பரில் எனக்குச் சமைத்துப் போட வருகிறேன் என்று இனிமேல் எழுதாதீர்கள். அப்படி ஒரு கடிதத்தை இன்னொரு முறை நம்ப என் உடம்பில் சக்தியில்லை. வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்றும் நான் கேட்கவில்லை. வருவதாக இருந்தால் வாருங்கள், கதவு திறந்துதான் இருக்கும், துண்டு எங்கே என்று கேட்டால் எடுத்துத் தருகிறேன். சமைப்பதாக இருந்தாலும் சமையுங்கள். ஆனால் மேடை இப்போது என் உயரத்துக்கு இருக்கிறது. நீங்கள்தான் குனிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி