முப்பத்தொன்றாம் பொருள்

அன்பு மகள் ரூஹிக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம், அத்தாவின் இடது முழங்காலைத் தவிர. அதுவும் மாடிப்படியைக் கண்டால்தான் வலிக்கிறதாம், பிரியாணிக் கடைக்கு நடந்தால் வலிப்பதில்லை. ரோட்டர்டாமில் குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. இப்போது சொல்லப்போவதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் என்றால் சிரித்து மழுப்பிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நான் கவுன்சிலரான நாளிலிருந்து நம் வார்டுக்கு மழைநீர் வடிகால் கேட்டு எத்தனை மனு கொடுத்தேன் என்று உனக்குத் தெரியும். பாதியை நீதான் டைப் செய்து அனுப்பினாய். ஆகஸ்டு மாத மண்டலக் கூட்டத்தில் அது வந்தது. முப்பத்தொன்றாம் பொருள். எங்கள் கூட்டம் நடக்கிற விதம் உனக்குச் சொல்லியிருக்கிறேன். தலைவர் எண்ணை மட்டும் வாசிப்பார். நாங்கள் மேசையைத் தட்டுவோம். நிறைவேறியது. அடுத்த எண். அறுபது பொருள், நாற்பது நிமிடம், பிறகு போண்டா. முப்பத்தொன்று என்றதும் இரண்டு கையாலும் தட்டினேன். வளையல் நெளிந்துவிட்டது. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பின்னிணைப்பு இருந்தது. நான் அதுவரை திருப்பவே இல்லை. வடிகால் பாதையில் உள்ள ஏழு நடைபாதைக் கடைகளை நிரந்தரமாக அகற்றுதல். கடை என்றால் ஓர் அரிவாள்மனை, ஒரு மரக்கட்டை, ஒரு வாளித் தண்ணீர். காலடிப்பேட்டை மார்க்கெட் முனையில் மீன் ஆய்ந்து கொடுக்கிற பெண்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பூனைக்கென்று மீன்தலைப் பொட்டலம் வாங்கி வருவாயே, அந்தப் பூவம்மாவும் அதில் ஒருத்தி.

அளவெடுக்க வந்தவர்கள் சுவரில் சிவப்புக் கோடு போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஓடினேன். பூவம்மா கை வேலையை நிறுத்தாமல், "இன்னா கவுன்சிலரம்மா, நீதான் மேசைய தட்டுனியாமே, படிச்சிட்டு தட்டுனியா, கல்யாண வூட்டு மோளம்னு நென்ச்சிகினு தட்டுனியா" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பதிலாகத் திட்டியிருக்கலாம். படிக்கவில்லை என்றேன். அவள் கையிலிருந்த சங்கரா மீனின் வாலை நறுக்கினாள். "ஒத்துகினியே, அது வரைக்கும் சரி. இப்ப இன்னா பண்ணப்போற, ஒரு மாசம் பாக்குறோம்" என்றாள்.

மண்டல அலுவலகத்தில் யாசின் என்று ஓர் எழுத்தர். அவர்தான் வழி சொன்னார். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பொருள், சென்ற மாத நடவடிக்கைக் குறிப்பை உறுதி செய்வது. அதற்கு முன் எழுந்து மறுபரிசீலனை கேட்கலாம். இன்னொரு உறுப்பினர் வழிமொழிய வேண்டும். அந்தப் பொருளுக்கு யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. செப்டம்பர் கூட்டத்தில் எழுந்தேன். என் வார்டு, என் மனு, படிக்காமல் தட்டியது என் தவறு என்றேன். பிறகு ஜோபின் எழுந்தார். பக்கத்து வார்டு, எதிர்க்கட்சி, தண்ணீர் லாரிக்காக இரண்டு மாதமாக என்னோடு பேசாத மனிதர். "இந்தம்மா படிக்கலன்னு ஒத்துக்குது. நானும் படிக்கல. இங்க எவனும் படிக்கல. வழிமொழியறேன்" என்றார். தலைவரே சிரித்துவிட்டார். பின்னிணைப்பைத் திருத்தினார்கள். வடிகால் வரும். மூடி போட்ட பிறகு அதன் மேலேயே அந்த ஏழு பேருக்கும் இடம். அதுவரை பழைய தண்ணீர்த் தொட்டிச் சுவரோரம். எல்லோரும் தட்டினார்கள். நான் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செய்தி சொல்லப் போனபோது பூவம்மா நன்றி சொல்லவில்லை. ஒரு நிபந்தனை போட்டாள். இனி ஒவ்வொரு கூட்டத்துக்கும் முந்தின நாள் நான் அங்கே போய் எல்லாப் பொருளையும் உரக்கப் படிக்க வேண்டும். போகிறேன். மீன் பெட்டியைக் கவிழ்த்து இடம் தருகிறார்கள். போன முறை பன்னிரண்டாம் பொருளில் நிறுத்தினாள். தேரடிப் பக்கம் தெருவிளக்கு பொருத்துதல். "அந்த லைட்டு போன மாசத்துலேந்து எரிஞ்சிகினு கீது, இன்னொரு தபா எதுக்கு" என்றாள். கூட்டத்தில் கேட்டேன். அந்தப் பொருளை ஒத்தி வைத்தார்கள். என் காகிதத்தில் மீன் நாற்றம் என்று ஜோபின் மூக்கைப் பிடிக்கிறார். ஆனால் இப்போது பேசுகிறார்.

யோசித்துப் பார்க்கிறேன். நான் தவறு செய்தேன். அதைத் திருத்திக்கொள்ள ஏழு பெண்கள் எனக்கு ஒரு மாதம் கொடுத்தார்கள். அவர்களுடைய பிழைப்பைப் பணயம் வைத்துக் கொடுத்த மாதம் அது. தொழுகையில் அவர்கள் பெயரையும் சொல்கிறேன். யாசினையும். ஜோபினையும்கூட.

அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல அக்கம்பக்கத்தையும் தரட்டும். புது வீட்டு ஒப்பந்தம் வந்திருக்கிறது என்றாயே, கையெழுத்துப் போடுமுன் பின்னிணைப்பைப் படி. சந்தேகமாக இருந்தால் தமிழில் எழுதி அனுப்பு. மார்க்கெட் முனைக்கு எடுத்துப் போகிறேன்.

உன் அம்மா,
கௌசர்